வலது முழங்கை

“அழிச்சுட்டீங்களா சார்? அந்த டேப்பையா?”

“அழிக்கலைம்மா. அது மேலேயே புதுசை எடுத்துட்டோம். லேப்ல இருக்கறதே நாலு கேசட். நீதான் மாறிட்டியே, பழசு எதுக்குன்னு...” கோச் ஜெயகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஹம்சா டிரெட்மில்லை விட்டு இறங்கவில்லை. மூச்சை அளக்கும் முகமூடி கன்னத்தில் சிவப்பாய்த் தடம் பதித்திருந்தது. ஆறு மாதம் முன்பு இதே அறையில்தான் அவள் ஓடுவதைப் படமெடுத்து, தலை சாய்கிறது, வலது முழங்கை வெளியே வீசுகிறது, எல்லாம் சக்திக்கு வீண் செலவு என்று அவர் திருத்த ஆரம்பித்தார். இப்போது பாடப்புத்தகப் படம் மாதிரி நேராக ஓடுகிறாள். இன்றைய சோதனைத் தாளோ, அதே வேகத்துக்கு முன்பைவிட அதிக ஆக்ஸிஜன் குடிக்கிறாள் என்றது. பத்தாயிரம் மீட்டரில் கடைசி நாலு சுற்றுக்கு மூச்சு மிஞ்சாது.

“தப்பு என்னுதுதான். பழையபடியே ஓடும்மா.”

ஞாயிறு தேர்வு ஓட்டம். முதல் இரண்டு பேருக்கு விளையாட்டுக் கோட்டாவில் வேலை. அப்பா மார்ச்சில் ரிட்டையர், ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இன்று வியாழன்.

பெல்ட் நகர்ந்தது. முழங்கையை வெளியே வீசினாள். கை போனது, கால் கூடவரவில்லை. தலையைச் சாய்த்தாள், மூச்சு தடுமாறியது. எந்தக் கால் முதலில் என்றுகூட யோசிக்க வேண்டியிருந்தது. தன் கையெழுத்தையே மறந்துவிட்டவளைப் போல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அரே, என்னக்கா, டான்ஸா?” ஸ்டூலில் காலாட்டிக்கொண்டிருந்த தங்கை மேதா சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கால் நின்றது.

வீட்டுக்கு யார் வந்தாலும் வராந்தாவில் ஹம்சாவைப் போல ஓடிக் காட்டியவள் மேதா. அந்த ஓட்டத்துக்கு நொண்டிக் கோழி என்று பெயரும் வைத்தாள். முழங்கை, தலை, பாதம் திரும்பும் விதம், ஒன்று தப்பாது. ஹம்சா ஒருநாள் அறைந்த பிறகுதான் நிறுத்தினாள்.

ஹம்சா இறங்கி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மேதா, ப்ளீஸ்டி. அந்த நொண்டிக் கோழி... ஒரே ஒரு தடவை ஓடிக் காட்டேன்.”