சுவரில் ஒட்டிய மலை

ஒட்டும் படத்துக்கு அடியில் காற்றுக் குமிழ் தங்கிவிடக் கூடாது என்பதுதான் ஈரோட்டிலிருந்து வந்திருந்த இரண்டு ஆட்களுக்கும் கவலை. ஒருவர் ஏணியில் நின்று படத்தின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்துக்கொண்டே வந்தார். தேய்க்கத் தேய்க்க, புதிய நூலகத்தின் மேற்குச் சுவர் முழுக்க ஒரு மலை எழுந்தது. உச்சியில் கோட்டை மதில், சரிவில் பாறைகள், அடிவாரத்தில் ஒரு மாட்டுவண்டி, வண்டிக்கு முன்னால் தலைப்பாகை கட்டிய ஒருவர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரர் ஒருவர் வரைந்து, செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம். கீழே பெரிய எழுத்தில் 'பழைய சங்ககிரி' என்று இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு மாவட்டக் கல்வி அதிகாரியம்மா வந்து நூலகத்தைத் திறந்துவைக்க வேண்டும்.

நூலகர் கலைமணி ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவை மேசைகளில் உட்காரவைத்துவிட்டு, ஒரு கண்ணைச் சுவர்மேல் வைத்திருந்தாள். அந்தச் சுவர் அவளுக்குச் சும்மா கிடைத்ததல்ல. சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இருக்கும் அந்தப் பள்ளியில் நூலகப் பாடவேளை என்றால், நீட் மாதிரித் தேர்வு எழுதும் நேரம் என்றுதான் பல வருடம் பொருள். இந்தக் கூடத்தைக் கட்டியபோதுகூட இது பயிற்சி வகுப்புக்குத்தான் என்று முதல்வர் சொல்லிக்கொண்டிருந்தார். பல லாரிகளுக்குச் சொந்தக்காரரான தாளாளர் சென்னியப்பன்தான், "ஒரு வருசம் பாப்போமுங்க. புள்ளைக சும்மா மார்க்குக்கே படிச்சா எப்படி?" என்று கூடத்தை நூலகத்துக்குக் கொடுத்தார். ஒரு வருடம், அவ்வளவுதான் கெடு. அந்த ஒரு வருடத்தின் முதல் மதிப்பெண் மறுநாள் விழாவில் போடப்படும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

நூலகம் என்று அவள் கட்டியதில் பாதி அலமாரிகளில் இல்லை. பள்ளியின் இணையதளத்தில் ஒரு பக்கம் அவளுடையது. ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும் தளங்களை நான்கு வருடமாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, தமிழில் இரண்டு வரி விளக்கம் எழுதிச் சேர்த்திருந்தாள். தமிழ் மின்னூலகம், கல்வெட்டு அறிக்கைகள், பழைய மாவட்டக் கையேடுகளின் நகல்கள், மக்கள்தொகை அட்டவணைகள், அருங்காட்சியகங்கள் திறந்துவைத்திருக்கும் படக் கிடங்குகள், வானிலிருந்து எடுத்த ஏரிப் படங்கள். திறக்காத இணைப்பை மாதாமாதம் எடுத்துப்போடுவாள். கெங்கவல்லியிலிருந்து முகம் தெரியாத ஓர் அறிவியல் ஆசிரியை போன்செய்து, "உங்க பக்கத்த வச்சுத்தான் எங்க பசங்க ஏரியோட பழைய எல்லையக் கண்டுபுடிச்சாங்க மேடம்" என்று சொன்ன நாளில், பஸ்ஸில் இடம் கிடைத்தும் சந்தோஷத்தில் உட்காரத் தோன்றாமல் திருச்செங்கோடு வரை நின்றுகொண்டே போனாள். பக்கத்தின் உச்சியில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்கும்: படத்தை நம்பும் முன், அதன் கீழே எழுதியிருப்பதை நம்பும் முன், மூன்று கேள்வி கேள். யார் செய்தது? எப்போது? மூலம் இப்போது எங்கே இருக்கிறது?

அன்றைய பயிற்சியும் அதுதான். ஆளுக்கு ஒரு படமோ ஆவணமோ எடுத்துக்கொண்டு மூன்று கேள்விக்கும் விடை தேட வேண்டும். பின் மேசையிலிருந்து நர்மதா எழுந்து வந்தாள். ஒல்லியான பெண், ரெட்டைச் சடை, விரல் நுனியில் பேனா மை. அவளுடைய அப்பா லாரிகளுக்குப் பெயர் எழுதும் பெயிண்டர்.

"மிஸ், நான் அந்தச் செவுத்துப் படத்தையே எடுத்துக்கிட்டனுங்க."

"நல்லது சாமி. கிடைச்சுதா?"

"கெடச்சுதுங்க மிஸ்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா அது நம்ம மலை இல்லீங்க மிஸ்."

கலைமணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சங்ககிரி மலை ஒவ்வொரு பக்கத்திலிருந்து பார்க்கும்போதும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரர் எந்தப் பக்கம் நின்று வரைந்தாரோ என்று சொல்லப் போனாள். நர்மதா கணினித் திரையைக் காட்டினாள். படத்தின் மூலத்தை வைத்திருக்கும் வெளிநாட்டு அருங்காட்சியகத்தின் பக்கம் அது. அதே மலை, அதே வண்டி. பெயர் மட்டும் வேறு: கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைக்கோட்டை ஒன்றின் பெயர்.

"அவுங்களும் தப்பாப் போட்டிருக்கலாமல்லங்க மிஸ், அதனால வரைஞ்சவரு எழுதுன புஸ்தகத்தையும் பாத்தனுங்க. உங்க பக்கத்துலயே லிங்க் இருக்குது. பழைய இங்கிலீஷு. எஸ் வர்ற எடத்துலயெல்லாம் எஃப் மாதிரி ஒண்ணு போட்டிருக்கறாங்க, மொதல்ல ஒண்ணுமே புரியலீங்க. அப்பறம் பழகிருச்சு. இந்தப் பக்கம் பாருங்க மிஸ். நம்மூருக்கு அவரு வரவே இல்லீங்க. காய்ச்சல் வந்து அப்படியே திரும்பிப் போயிட்டாருங்க."

ஏணியில் இருந்தவர் கீழே இறங்கி, கண்ணைச் சுருக்கிச் சுவரைப் பார்த்து, "சுத்தமா வந்திருச்சு மேடம், ஒரு குமிழ் இல்ல" என்றார்.

பிள்ளைகள் போன பிறகு கலைமணி தானே உட்கார்ந்து தேடினாள். நர்மதா தவறியிருக்க வேண்டும் என்று மனம் ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் ஓடியது. ஒவ்வொரு பக்கமும் நர்மதா சொன்னதையே சொன்னது. எப்படி நடந்தது என்று அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. பெரிய அளவில் அச்சிடத் தக்க பழைய படங்களை எங்கெங்கிருந்தோ அள்ளிப் போட்டிருக்கும் ஒரு தளத்தில் 'சங்ககிரி' என்ற பெயரோடு அது கிடைத்தது. மூலத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் நாற்காலிக்குப் பின்னால் சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். "இதேதானுங்க! இதையே போட்டுருங்க!" என்று கைதட்டினார். அந்தக் கைதட்டலில் அவளுடைய மூன்று கேள்விகளும் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதமாக அவர் படத்திலிருந்த வண்டிக்காரரைப் போனில் வைத்துக்கொண்டு திரிந்தார். அவருடையது ஏழு தலைமுறையாகச் சங்ககிரி மலையடியில் காடு தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். லாரி சங்கக் கூட்டத்தில், கல்யாண வீட்டில், டீக்கடையில் எல்லாம் காட்டி, "எங்க பாட்டனோட பாட்டனா இருக்கோணும். மூக்கப் பாருங்க" என்பார்.

வரலாற்று ஆசிரியர் மணிமாறன் கதவருகே சாய்ந்து கலைமணி சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். "விடுங்க மேடம். மலைன்னா மலை. அதிகாரியம்மா என்ன ஏறியா பாக்கப் போறாங்க? விழா முடியட்டும், மெதுவா மாத்திக்கலாம். இப்பப் போயிச் சொன்னா, படத்தோட சேத்து உங்களையும் கிழிச்சிருவாரு."

"அந்தப் புள்ளைக்கு என்ன பதில் சொல்றதுங்க சார்?"

"சபாஷ்னு சொல்லுங்க. ஒரு பேனா குடுங்க."

அவர் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. சொன்னால் கூடம் போகலாம். சொல்லாவிட்டால் கூடம் இருக்கும், பக்கத்தின் உச்சியில் அந்தத் தடித்த வரியும் இருக்கும், அதை ஒவ்வொரு வாரமும் நர்மதா படிப்பாள். ஆனால் நினைப்பு நர்மதாவிடமே போய் நின்றது. அருங்காட்சியகத்தையும் நம்பாமல் புத்தகத்துக்குப் போயிருக்கிறாள். எஸ்ஸும் எஃப்பும் குழம்பும் பக்கத்தில் விழுந்து எழுந்து படித்திருக்கிறாள். யாரும் சொல்லாமல், மதிப்பெண் இல்லாமல், பெயிண்டர் வீட்டுப் பெண். நான்கு வருடத்தில் அந்த இணையப் பக்கம் இதைவிடப் பெரிதாக எதையும் செய்ததில்லை என்று கலைமணிக்குத் தோன்றியது.

சாயங்காலம் சென்னியப்பன் மச்சானையும் சம்பந்தியையும் அழைத்துவந்து சுவருக்கு முன் நின்றார். கூடத்தில் ஏசி ஓடியது. ஜன்னல்களுக்குப் புதுத் திரை போட்டிருந்தார்கள். கலைமணி ஸ்பெஷல் கிளாஸிலிருந்து நர்மதாவைக் கையோடு கூட்டிவந்தாள்.

"ஐயா, இந்தப் படம் சங்ககிரி இல்லீங்க. தப்பு என்னுதுங்க. மூலத்தைப் பாக்காமப் போட்டுட்டேன். கண்டுபுடிச்சது இந்தப் புள்ளதானுங்க."

சம்பந்தி இருமினார். சென்னியப்பன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு ஊட்டுப் புள்ள சாமி நீ?"

"பெயிண்டர் சின்னுசாமி பொண்ணுங்க."

"நம்ம வண்டிக்கெல்லாம் பேரெழுதற சின்னுசாமியா? சரி. அந்தத் தளத்துல சங்ககிரின்னு எழுதியிருக்குதில்ல? எழுதனவன் என்ன பைத்தியக்காரனா?"

நர்மதா கலைமணியைப் பார்த்தாள். அவளே சொல்லட்டும் என்று கலைமணி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எங்கப்பாகிட்ட யாரு வந்து எந்தப் பேரச் சொன்னாலும் வண்டி மேல எழுதீருவாருங்க," என்றாள் நர்மதா. "அதுக்காக வண்டி அவிங்களுது ஆயிருமுங்களா? ஓனர் யாருன்னு ஆர்.சி. புக்குலதானுங்க பாக்கோணும்."

மச்சான் வெடித்துச் சிரித்தார். "லாரிக்காரன்கிட்டயே ஆர்.சி. புக்கு கேக்குதுங்க மாமா இந்தப் புள்ள!"

சென்னியப்பன் சிரிக்கவில்லை. ஆர்.சி. புக்கைக் காட்டு என்பது போலக் கையை நீட்டினார். நர்மதா கணினியில் இரண்டு பக்கத்தையும் திறந்து, விரல் வைத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். வரைந்தவருக்குக் காய்ச்சல் வந்த வரியில் சென்னியப்பன், "அப்ப அந்த வண்டிக்காரன்?" என்று கேட்டார்.

"யாருன்னு எழுதலீங்க. ஆனா நம்மூருக்காரரா இருக்க முடியாதுங்க."

அவர் கொஞ்ச நேரம் அந்த மூக்கையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "விடிஞ்சா விழா. என்ன பண்றதுன்னு நீங்களே பாத்துக்கங்க அம்மிணி, என்னையக் கேக்காதீங்க" என்று போய்விட்டார். கோபமா, அனுமதியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, 'பழைய சங்ககிரி' என்ற எழுத்தின் மேல் ஓர் அட்டையை ஒட்டினாள். 'இந்த மலை சங்ககிரி அல்ல. யார் வரைந்தது, எப்போது, மூலம் எங்கே இருக்கிறது என்பவை கீழே. பெயரைத் தவறாகப் போட்டவர்: நூலகர். திருத்தியவர்: நர்மதா, ஒன்பது ஆ.' அதைப் பார்த்த முதல்வர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மாலைகளை எண்ணப் போய்விட்டார்.

ரிப்பன் வெட்டி உள்ளே வந்ததும் அதிகாரியம்மா நேராகச் சுவருக்குத்தான் போனார். "அடடா, இதுதான் அந்தக் காலத்து..." என்று ஆரம்பித்து, அட்டையில் கண் பட்டதும் நிறுத்தினார். சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். எல்லாரும் அவர் வாயைப் பார்க்க, அவர் ஜன்னலுக்குப் போய், புதுத் திரையை ஒரே இழுப்பில் ஒதுக்கிக் கதவைத் தள்ளித் திறந்தார். வெயிலும் லாரி ஹாரனும் சேர்ந்து உள்ளே வந்தன. தூரத்தில் மலை நின்றது.

"நம்மளுது அங்க நிக்குதுங்க மேடம்," என்றார். "செவுத்துல இருக்கறது வெளியூரு. எப்படித் தெரிஞ்சுதுன்னு இந்தப் புள்ளையக் கேளுங்க. நீ சொல்லு சாமி, பயப்படாத."

நர்மதா சொல்லச் சொல்ல, வந்திருந்தவர்களின் தலைகள் சுவருக்கும் ஜன்னலுக்குமாகத் திரும்பித் திரும்பிப் போயின. கலைமணி கடைசி வரிசையில், மணிமாறனுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் அவளைப் பார்க்காமலே, "பேனா நான் வாங்கித் தாறேன்" என்றார்.

கெடுவைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. கூடம் அடுத்த வருடம் யாருக்கு என்று அவளும் கேட்கவில்லை. சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மூடாமல் விட்டிருந்த அந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பள்ளி வாசலில், அறக்கட்டளையின் பெயரும் நிறுவப்பட்ட ஆண்டும் செதுக்கிய கருங்கல் பலகைக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி, "யாரு செஞ்சது? எப்போ?" என்று கேட்டுக் கேட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். நர்மதா கழுத்தைச் சாய்த்து, ஆண்டின் கடைசி எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள். வழிவிடச் சொல்லிச் சென்னியப்பனின் கார் பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. யாரும் நகரவில்லை. இன்னொரு முறை அடித்தது. பிறகு கதவு திறந்தது. அவர் இறங்கி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று தானும் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்தார்.