வரிசைக்கு வெளியே ஒரு செடி

மூடிய சுரங்கத்தின் மேல் முளைத்த பூனைக்காதுச் செடிகளுக்கு மனித உடம்பின் சூடு இருந்தது. சாலையோரத்திலும் குப்பைமேட்டிலும் யாரும் கூப்பிடாமல் முளைக்கிற அதே செடிதான். சாம்பல் பச்சை இலை, மேலெல்லாம் மெத்தென்ற ரோமம், உச்சியில் சின்னச் சின்ன மஞ்சள் பூ. சுரங்கம் சரிந்தபோது உள்ளே இருந்தவர்களை எடுக்க முடியாது என்று கைவிரித்த நிர்வாகம், சுரங்க வாயைச் சிமெண்டால் அடைத்து வேலி போட்டது. அடுத்த மழைக்கே செடிகள் வந்துவிட்டன.

அறிவியல் டீச்சர் இலை ரோமம் பற்றிப் பாடம் நடத்த மூன்றாம் வகுப்பை அங்கே கூட்டிப்போனார், அவ்வளவுதான். "பிடுங்கக் கூடாது. மெதுவா தடவிப் பாருங்க," என்றார். சுரங்கத்துக்குள் வண்டி இழுக்கும் விஞ்ச் இயந்திரத்தை ஓட்டியவரின் மகன் தடவியதும் ஒரு செடிக்குப் புல்லரித்து ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. பக்கத்துச் செடி, உள்ளே தண்ணீர் இறைத்த பம்ப்காரரின் இரட்டைப் பெண்களுக்குச் சிலிர்த்தது. கீழே கிடப்பவரின் பிள்ளை தொட்டால்தான் சிலிர்க்கும் என்பது அந்த வாரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வரும் நேரம் மாறினால் பழகிக்கொள்வதுபோல எல்லோரும் பழகிக்கொண்டார்கள். பிள்ளைகள் பரீட்சை மார்க்கைச் சொல்ல அங்கே ஓடினார்கள்.

வாயாடி என்று பெயரெடுத்த சிறுமி மட்டும் போகவில்லை. அவள் அப்பா சுரங்கத்தில் வெடி வைப்பவர். இறங்குகிறவர்கள் கையில் எடுத்துப்போக வேண்டிய டோக்கன், சரிந்த அன்று அவருடையது மட்டும் வாசல் பலகையிலேயே தொங்கியது. ஆகவே அவர் இறங்கவில்லை, எவளோடோ ஓடிப்போய்விட்டார் என்று ஊர் பேசியது. எங்கேயும் வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத மனிதர் அவர். பாதி நாள் டோக்கன் எடுக்காமலே, வரிசைக்காகக் கட்டிய கயிற்றுத் தடுப்புக்கு அடியில் குனிந்து நுழைந்துவிடுவார். இது மேஸ்திரிக்குத் தெரியும். மேஸ்திரியும் உள்ளேதான் கிடந்தார். மனைவிக்கும் தெரியும், அவள் வாயைத் திறக்கவில்லை.

லாண்டரியில் இஸ்திரி போடும் அவள், நாள் தவறாமல் புருஷனைத் திட்டினாள். மகளை அனுப்பச் சொல்லி டீச்சர் கேட்டபோது இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். "வேணாம் டீச்சர். ஓடிப்போனவன்னா எங்கயாவது தின்னுட்டு உசுரோட இருப்பான்ல?"

"எனக்குத் தெரியணும்மா," என்று வாயாடி அடம்பிடித்தாள்.

மூவருமாகப் போனார்கள். வேலிக்குள் இருந்த அத்தனை செடிகளையும் சிறுமி தடவினாள். ஒன்றும் அசையவில்லை. அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "நான் அப்பவே சொல்லல? ஓடித்தான் போயிருக்கான் படுபாவி! எங்கயோ நல்லா இருக்கட்டும்!" என்று சிரித்தாள். திரும்பும்போது, வேலிக்கு வெளியே, முன்பு கயிற்றுத் தடுப்பு இருந்த இடத்தில் தனியாக நின்ற ஒரு செடியில் மகளின் கை உரசியது. அடியிலிருந்து நுனிவரை அது சிலிர்த்துக்கொண்டது.

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். "இங்கயும் வரிசையில நிக்க மாட்டியா, மனுஷா?" என்று கேட்டுவிட்டு வயிறெரிய அழுதாள்.

வருஷங்கள் போய்விட்டன. புதுப் பிள்ளைகளுக்குச் செடிகளை அறிமுகம் செய்யும்போது டீச்சர் அந்தச் செடியிலிருந்துதான் தொடங்குகிறார். அம்மா லாண்டரிக்குப் போகிற வழியில் நின்று, அன்றைய திட்டைத் திட்டி முடித்து, குளிர் நாளானால் உள்ளங்கைகளை அந்த இலையில் கொஞ்சம் சூடேற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.