திராட்சை போடாத கேக்

கிறிஸ்துமஸில் எனக்குப் பிடிக்காததைச் சொல்லச் சொன்னால் பொழுது விடிந்துவிடும். பாட்டுக்குழு என்று ஒரு கூட்டம் கிளம்பி வந்து வாசலில் நின்று ஆளுக்கொரு சுதியில் பாடுவது பிடிக்காது. பாடி முடிக்கும்வரை முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பது அதைவிடப் பிடிக்காது. வீட்டில் செய்த வைன் என்று இருமல் மருந்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று வாயையே பார்ப்பார்களே, அதுவும் பிடிக்காது. எல்லாவற்றையும்விட எரிச்சல் இந்தக் கேக் கொடுக்கல் வாங்கல்தான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். வந்த கேக்கை யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் தின்ன வேண்டிவரும். எல்லார் வீட்டிலும் கேக் மலையாகக் குவிந்து கிடக்கையில் யார் தின்பது? அதனால் இந்த வீட்டில் வந்ததை அந்த வீட்டுக்கு, அந்த வீட்டில் வந்ததை அடுத்த வீட்டுக்கு என்று தள்ளிவிடுவோம். போன வருஷம் ஃபாதருக்கு யாரோ கொடுத்த கேக், அவருக்கான வாழ்த்துச் சீட்டோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நானும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பினேன். நான் மட்டும் என்ன யோக்கியமா?

பிடித்தது என்று கேட்டால், கேக்குக்கு ஊறும் பழங்களின் வாசம். ஜாடி மூடியைத் திறந்ததும் குப்பென்று மூக்கில் ஏறும் அந்த வாசத்துக்காகத்தான் இன்றைக்கும் கேக் செய்கிறேன். அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். அம்மா வீட்டுக்கென்று பெரிய கேக் ஒன்று செய்வாள். அப்புறம் தனியாக, ஒரு பக்கம் நசுங்கிய சின்னத் தகர அச்சில், திராட்சை போடாமல் இன்னொன்று. அது என் தங்கைக்கு. சின்னவளுக்குத் திராட்சை ஆகாது. "வாயில பூச்சி விழுந்த மாதிரி இருக்கு" என்று துப்புவாள். அவள் துப்பினால் அம்மாவுக்குப் பொறுக்காது. எனக்கோ வயிறு எரியும். எனக்கென்று அந்த வீட்டில் யாரும் தனியாக ஒரு டம்ளர் பால்கூடக் காய்ச்சியதில்லை.

எனக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வருகிறவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். ஊசி அக்கா என்றால்தான் ஊருக்குத் தெரியும். கையில் மட்டுமா ஊசி, வாயிலும்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழும் போய்வந்து கடைசியில் இருந்த இடத்திலேயே நிற்பவர். எந்தச் சண்டையிலும் எந்தப் பக்கமும் சாயமாட்டார்.

சின்னவளோடு எனக்குப் பேச்சு நின்று மூன்று வருஷம். அம்மா கடைசிக் காலத்தில் என்னிடம்தான் கிடந்தாள். சர்க்கரை, சிறுநீரகம் என்று வாராவாரம் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. நானே எடுத்தேன். வேறு யார் எடுத்தாலும் அம்மா கத்துவாள். அடக்கத்தன்று சின்னவள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அத்தனை பேர் முன்னால் அம்மாவின் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"பாருங்க எல்லாரும். கை எப்படி கறுத்துப் போயிருக்கு பாருங்க. ஊசி குத்திக் குத்தியே எங்கம்மாவ கொன்னுட்டா."

"நீ ஒரு நாள் வந்து படுக்கை விரிப்பு மாத்தினியாடி? வந்துட்டா பேச" என்றேன் நான். அதோடு சரி. அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

அப்படியே இருந்திருப்பேன். ஆனால் புது வருஷம் பிறந்ததும் என் மகளுக்குக் கல்யாணம். சித்தி மடியில் வளர்ந்த பெண். எனக்கு இரவு வேலை இருந்த காலத்தில் அவளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பியது சின்னவள்தான். நாங்கள் போட்டுக்கொண்ட சண்டைக்கு அந்தப் பெண் என்ன செய்வாள்?

"சித்தி வரலன்னா நான் மேடையில அழுதுடுவேன்மா. சும்மா மிரட்டறேன்னு நினைக்காதே" என்றாள் மகள்.

"பத்திரிகை அனுப்பறேன். வந்தா வரட்டும்."

"பத்திரிகையக் கண்டா சித்தி வரமாட்டாங்க. நீ கூப்பிட்டாத்தான் வருவாங்க. உனக்கு ஏம்மா இவ்ளோ வீம்பு?"

வீம்புதான். இல்லை என்று யார் சொன்னது? போனை எடுத்து, "வாடி" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வார்த்தை தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அதனால் கேக் செய்தேன்.

அந்த நசுங்கிய அச்சைப் பரணிலிருந்து இறக்கினேன். அதன் ஒரு பக்கம் நசுங்கியதே சின்னவளால்தான். சின்ன வயதில் அதைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று அலமாரியிலிருந்து சர்க்கரை எடுத்தவள் அவள். புளி போட்டுத் தேய்த்தேன். பழம் ஊறிய ஜாடியைக் கவிழ்த்து ஒவ்வொரு திராட்சையாகப் பொறுக்கி வெளியே போட்டேன். ஆரஞ்சுத் தோலும் முந்திரியும் மட்டும் தங்கின. ஒரே ஒரு திராட்சை தப்பித் தவறி மாவில் போய்விடக் கூடாது என்று மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். அந்த வேலையைச் செய்யும்போது அம்மாவின் மேல் எனக்கு இருந்த பழைய கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது. வெந்ததும் எடுத்தால், அம்மா செய்வது போலவே ஒரு பக்கம் உள்வாங்கிக்கொண்டு நின்றது கேக். பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

பெட்டியில் வைத்துச் சிவப்பு ரிப்பன் கட்டினேன். கையில் பட்டை கட்டும்போது நாங்கள் முழு முடிச்சுப் போடுவதில்லை. ஒரு மடிப்பை உள்ளே செருகிவிடுவோம். நுனியை இழுத்தால் சட்டென்று அவிழ்ந்துவிடும். பழக்கதோஷம், ரிப்பனையும் அப்படித்தான் கட்டுவேன்.

வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "அவ கையிலயே குடுங்க. அக்கா உனக்குன்னே செஞ்சதுன்னு சொல்லுங்க."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்."

திராட்சை போடவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லிக் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது? வாயில் வைத்ததும் அவளே தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். தெரிந்துகொண்டதும் ஓடிவருவாள், நான் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்பேன், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும். இப்படி ஒரு படம் ஓட்டி வைத்திருந்தேன் மனதுக்குள்.

அவர் திரும்பிவந்து, "அவ கையிலதான் குடுத்தேன். நீ சொன்னதையே சொன்னேன். வாங்கிக்கிட்டா. உள்ள வாங்க மாமான்னா" என்றார்.

"முகம் எப்படி இருந்துச்சு?"

"முகம் மாதிரிதான் இருந்துச்சு."

இவரிடம் போய்க் கேட்டேனே!

கிறிஸ்துமஸ் அன்று கோவிலுக்குப் போய்வந்து, கோழியை அடுப்பில் ஏற்றிவிட்டு, போனை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தேன். யார் யாரோ கூப்பிட்டார்கள். அவள் கூப்பிடவில்லை. மகள் தோழிகளைப் பார்த்துவருகிறேன் என்று கிளம்பிப் போனாள். போகும்போது, "சித்தி பேசினா எனக்கு உடனே சொல்லு" என்றாள்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மாடி வீட்டு டீச்சர் வந்தாள். இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து சில மாதம்தான் ஆகிறது. சின்னவள் அலுவலகத்தில் வேலைபார்க்கும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இவள் கணக்கு டீச்சர். நாங்கள் அக்கா தங்கை என்பது அவளுக்குத் தெரியாது. தெரியும்படி நாங்கள் என்றைக்கு நடந்துகொண்டோம்?

"ஹேப்பி கிறிஸ்துமஸ்க்கா! கேக் கொண்டுவந்திருக்கேன். வீட்லயே செஞ்சது. நேத்து முழுக்க அடுப்படியிலயே நின்னேன், இடுப்பே போச்சு."

பெட்டியை நீட்டினாள். சிவப்பு ரிப்பன். மடிப்பு உள்ளே செருகி, நுனி வெளியே தொங்கிக்கொண்டு.

எத்தனை ஆயிரம் கையில் கட்டிய முடிச்சு! எனக்கா தெரியாது? சின்னவள் அவிழ்த்திருந்தால் திரும்ப எல்லாரையும் போலப் பூ மாதிரிதான் முடிந்திருப்பாள். அது நான் செருகியபடியே இருந்தது. வந்த கேக்கை, வந்த கையோடு, யாரோ ஒரு டீச்சருக்குத் தள்ளிவிட்டிருக்கிறாள்.

"உங்க கைப்பக்குவமே தனி டீச்சர். பாத்தாலே தெரியுது" என்றேன்.

"ஐயோ, சாப்பிட்டுட்டுச் சொல்லுங்கக்கா!" என்று வெட்கப்பட்டாளே ஒரு வெட்கம். பாவம், அவளைச் சொல்லி என்ன? நானும் செய்கிற காரியம்தானே. எனக்கு வந்த மற்ற கேக்குகளில் ஒன்றை எடுத்து அவளுக்குக் கொடுத்து அனுப்பினேன்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து ரிப்பன் நுனியை இழுத்தேன். அவிழ்ந்தது. மூடியைத் திறந்தால் கேக் முழுசாக, ஒரு பக்கம் நசுங்கி, நான் வைத்தபடியே இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. சின்னவள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பெயர் திரையில் வந்தது.

"அக்கா."

"ம்."

"ஹேப்பி கிறிஸ்துமஸ்."

"ம். உனக்கும்."

பிறகு அவள் சொன்னாள்.

"கேக் கிடைச்சுதுக்கா. மாமா குடுத்தாரு. நல்லா இருந்துச்சு. எல்லாரும் சாப்பிட்டோம்."

கேக் என் முன்னால் இருந்தது. வாய் சும்மா இருக்குமா எனக்கு?

"திராட்சை நல்லா ஊறி இருந்துச்சா?"

"ஊறி இருந்துச்சு, ஊறி இருந்துச்சு. புள்ளைங்க விரும்பிச் சாப்பிட்டாங்க. நான்தான் உனக்குத் தெரியுமே, எடுத்து எடுத்து ஓரமா வெச்சுட்டேன்." சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு எங்கேயோ போயிற்று. "அம்மா இருந்தா எனக்குன்னு திராட்சை போடாம செஞ்சிருப்பாங்க. வேற யாருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கப்போகுது."

எனக்கு வாய் திறந்தது. "அடி பாவி, அதத்தாண்டி செஞ்சு அனுப்பினேன். இதோ என் முன்னாலதான் இருக்கு. பிரிச்சுக்கூடப் பாக்கலையே நீ!" என்று கத்தியிருப்பேன். வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் என் முகத்தில் விழிப்பாளா? அந்த அவமானத்தோடு என் மகள் கல்யாணத்துக்கு வந்து நிற்பாளா? சொல்லாவிட்டாலோ, திராட்சை ஆகாது என்று தெரிந்தும் அள்ளிப் போட்டு அனுப்பிய அக்கா நான். அப்படியும் போச்சு, இப்படியும் போச்சு. என் பேச்சால் கெட்டது போதும் என்று நினைத்து, வாழ்க்கையில் முதல்முறையாக வாயைக் கட்டினேன்.

"ஆமா. அம்மா இருந்தா செஞ்சிருப்பாங்க" என்றேன்.

"ம்."

"கல்யாணத்துக்கு வாடி. பாப்பா உன்னையேதான் கேக்கறா." தொண்டையில் நின்ற முள்ளை ஒருவழியாகத் துப்பிவிட்டேன்.

"பாக்கறேன்க்கா. ஸ்கூல் திறந்துடுவாங்க. லீவு குடுப்பாங்களான்னு தெரியல" என்றாள். யாரோ தூரத்துச் சொந்தத்துக்குச் சொல்கிற மாதிரி அத்தனை மரியாதையாகச் சொன்னாள். வைத்துவிட்டாள்.

என் மகளைப் பெற்ற பெண் மாதிரி தூக்கி வளர்த்தவள். அவளுக்கு லீவு கிடைக்காதாம். ஊசி குத்தியதும் ரத்தம் வராமல் வெறும் குழாய் நிற்குமே, அப்படி உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா மெசேஜ் போட்டாரு, சித்தி பேசினாங்களாமே! என்ன சொன்னாங்க? வர்றாங்களா?"

"லீவு கிடைச்சா வர்றேன்னா."

மகளின் முகம் சுருங்கியது. உள்ளே போய் விளக்கைப் போட்டாள். சன்னலில் தொங்கிய காகித நட்சத்திரம் எரிந்தது.

நான் கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டினேன். எங்கள் வீட்டில் ஊராரின் கேக்கை யாரும் வெட்டிப் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"டீச்சர் குடுத்ததா? அத ஏன் வெட்டறே? நாளைக்கு யாருக்காவது குடுக்கலாமே."

"சாப்பிடுங்க."

ஆளுக்கு ஒரு துண்டு வைத்தேன். அவர் வாயில் போட்டு மென்றார். நாக்கால் துழாவினார்.

"என்ன இது, திராட்சையே இல்ல? டீச்சர் போட மறந்துட்டாங்க போல."

மகள் தன் துண்டைக் கையில் எடுத்தாள். நசுங்கிய பக்கம் அவளுக்கு வந்திருந்தது. அதை ஒரு தரம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பரணிலிருந்து அச்சை இறக்கும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். துண்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"இவளுக்கு என்னாச்சு? நல்லாத்தானே இருக்கு" என்றார் அவர்.

நானும் ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. அம்மா செய்வது மாதிரியே இருந்தது.