பராமரிப்புக் கட்டணம் இல்லை

இடுப்பு பிடித்துக்கொண்டது. கூடாரத் துணிக்கு அடியில் மரத்தின் வேர், அதன் மேல் நான். சந்தையில் மூட்டை சுமந்து ஏற்கெனவே தேய்ந்துபோன இடுப்பு. உள்ளே ஈர நாயின் நாற்றம் வேறு. நாங்கள் நாய் எதுவும் கொண்டுவரவில்லை.

வெளியே தம்பி அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தான். செல்போன் கடையில் வேலை. காட்டுக்குள் ஓடை, ஓடையோரம் கூடாரம், இந்த விலைக்கு எவனுக்கும் கிடைக்காது என்று போன வாரமெல்லாம் பீற்றிக்கொண்டவன். "பராமரிப்புக் கட்டணமே இல்லண்ணே" என்று போனை எல்லோர் முகத்திலும் நீட்டினான்.

நான் வரச் சம்மதித்தது என் மனைவிக்காக. அவளுக்குப் பேருந்து நிலையக் கழிப்பறையில் வேலை. ஊரான் கழித்ததைக் கழுவும் வேலை, பூசி மெழுக ஒன்றுமில்லை. "ஒரே ஒரு நாள் அடுத்தவன் பீயைப் பாக்காம இருக்கணும்" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. இப்போது பாறைமேல் உட்கார்ந்து ஓடைக்குள் காலை விட்டிருந்தாள். கை இரண்டும் சும்மா மடியில் கிடந்தன.

நேற்று இருட்டியபின் வந்ததால் ஆளாளுக்குப் புதர் தேடிக்கொண்டோம். கழிப்பறையை இப்போதுதான் பார்த்தேன். மரங்களுக்குப் பின்னால் ஒரு பலகைக் கொட்டகை. கதவைத் திறந்ததும் ஈக்கள் முகத்தில் மோதின, ஒன்று வாய்க்குள்ளேயே போய்விட்டது. பீங்கான் தெரியவில்லை. நிறைந்து, வழிந்து, தரையில் காய்ந்து, காய்ந்ததன் மேல் புதிதாக. அதில் செருப்புத் தடம். சுவரில் யாரோ விரலைத் துடைத்திருந்தான். நான் வளர்ந்த கூலிக் குடியிருப்பில் முப்பது வீட்டுக்கு ஒரு கக்கூஸ். அங்கேகூடச் சுவரை விட்டுவைத்திருந்தார்கள்.

காவலாளியைக் கூப்பிட்டோம்.

"வாளியும் பிரஷ்ஷும் பின்னாடி இருக்கு" என்றார்.

"யாரு கழுவுறது?" என்றான் தம்பி.

"தங்குறவங்கதான்."

"பராமரிப்புக் கட்டணம் இல்லைன்னுல்ல போட்டிருந்துச்சு?"

"அதான் தம்பி. கட்டணமும் இல்ல, பராமரிப்பும் இல்ல. உங்களுக்கு முன்னாடி வந்தவங்களும் உங்களை மாதிரிதான் படிச்சிருக்காங்க."

அவர் போனதும் தம்பி சிரித்தான். "அதுக்கென்ன, நம்ம அண்ணி இருக்காங்க. அவங்களுக்கு இது கைவந்த கலை."

அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாறைமேல் இருந்தவள் திரும்பவில்லை. காதில் விழுந்தது, முதுகு விறைத்ததில் தெரிந்தது.

"பிரஷ்ஷை எடு. நீயும் நானும் கழுவுவோம்" என்றேன்.

வாசல்வரை வந்தான். எட்டிப் பார்த்தான். குமட்டிக்கொண்டு ஓடியவன் அடுப்படியில்தான் நின்றான்.

அதற்குள் அவன் மகள், ஐந்து வயது, ஓடைப்பக்கம் போய்விட்டாள். "பெரியம்மா, வயிறு வலிக்குது. புதர்ல பூச்சி இருக்கு. அங்க உள்ள போகப் பயமா இருக்கு." ராத்திரியிலிருந்து அடக்கி வைத்திருக்கிறாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

என் மனைவி தண்ணீரிலிருந்து காலை எடுத்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு." என்னிடம், "தண்ணி மொண்டு குடு. நீங்க உள்ள வராதீங்க."

"நான் பண்றேன். நீ உக்காரு."

"நீங்க பண்ணி முடிக்கறதுக்குள்ள புள்ள தாங்காது."

மொண்டு மொண்டு கொடுத்தேன். உள்ளே பலகையில் பிரஷ் தேயும் சத்தம். அந்த நாற்றத்தோடு தம்பி முட்டை பொரிக்கும் வாசனையும் கலந்து வந்தது. குழந்தை உள்ளே போய்விட்டு வெளியே வந்தபோது சிரித்தாள். என் மனைவியும் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அது குழந்தைக்காக.

"பாத்தீங்களா, நான்தான் சொன்னேன்ல" என்றான் தம்பி, வாயில் ரொட்டியோடு.

"போய் அவகிட்ட மன்னிப்பு கேளு."

"எதுக்குண்ணே? தெரிஞ்ச வேலையத்தானே செஞ்சாங்க. நீங்க ஏன் சின்ன விஷயத்தைப் பெருசாக்குறீங்க?" தட்டில் வழிந்த மஞ்சள் கருவை ரொட்டியால் துடைத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அவள் முழங்கைவரை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். கையை மோந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள். அவளுக்கென்று வைத்த முட்டை ஆறி, மேலே எறும்பு ஏறியது. மத்தியானமே கிளம்பிவிட்டோம். மறுநாள் விடியுமுன் அவள் வேலைக்குப் போனாள்.

தம்பி இப்போதும் வீட்டுக்கு வருகிறான். "அண்ணி, ஒரு டீ" என்கிறான். போட்டுக் கொடுக்கிறாள். அவளிடம் அவன் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.