பத்தாயிரத்தில் இரண்டு பேர்

பள்ளி வேன் ஓட்டுகிறவள் காலையில் குளியலறைத் தரையில் வலிப்பு வந்து கிடந்தால் அது அவள் வீட்டுச் சங்கதி மட்டுமல்ல. அரை மணி நேரம் கழித்து வந்திருந்தால் அவள் முதுகுக்குப் பின்னால் பதினான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் அவளுக்கு முதலில் வந்த நினைப்பே அதுதான். கடிபட்ட நாக்கு வீங்கியிருந்தது.

மூன்று வருஷமாக அவளுக்கு வலிப்பு எட்டிப் பார்த்ததில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். அதை நம்பித்தான் உரிமம் கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்திலும் சாவியைக் கொடுத்தார்கள். ஒரு தடவை வந்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்பது விதி. அதுவரை பள்ளிக்கூடம் அவளுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்குமா என்ன?

மாத்திரை ஏதாவது தவறிப்போனதா என்று டாக்டரம்மா கேட்டார். ஒரு நாள்கூட இல்லை, என் வீட்டுக்காரர்தான் தினமும் எடுத்துக் கையில் தருவார் என்று இவள் பெருமையாகச் சொன்னாள். சுவரோரம் நின்றிருந்த வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார்.

பிறகு மென்று விழுங்கி உண்மையைச் சொன்னார். பாட்டில் தொழிற்சாலையில் அவருக்குத் தரம் பார்க்கிற வேலை. உடைசல் இரண்டு மடங்கானால் யாரையும் கேட்காமல் லைனை நிறுத்திவிட வேண்டும், விசாரணை எல்லாம் அப்புறம். லட்சக்கணக்கில் பாட்டில் ஓடுகிற இடத்தில் அது சரிதான். போன வாரம் போனில் ஒரு செய்தி படித்தாராம். இந்த மாத்திரையால் சிறுநீரகம் கெடும் ஆபத்து நூறு சதவீதம் அதிகம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தானாம். மகராசன் வீட்டிலும் லைனை நிறுத்திவிட்டார். சொன்னால் அவள் பயப்படுவாள் என்று, அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரையை வாங்கி எட்டு நாளாகக் கொடுத்து வந்திருக்கிறார்.

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்தச் செய்திக்கு மூலமான ஆராய்ச்சியைத் தானும் படித்ததாகச் சொன்னார்.

"மாத்திரை சாப்பிடாத பத்தாயிரம் பேர்ல ஒருத்தருக்கு அது வருது. சாப்பிடுற பத்தாயிரம் பேர்ல ரெண்டு பேருக்கு வருது. நூறு சதவீதம்னு சொன்னது பொய் இல்ல. ஆனா கூடினது ஒரே ஒரு ஆள்."

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்புகிறவர்கள் அதே பத்தாயிரத்தில் பல ஆயிரம் பேர் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. எத்தனை பேர் என்பதை விழுங்கிவிட்டுச் சதவீதத்தை மட்டும் துப்பிய அந்தச் செய்திக்காரன் மேல் எரிச்சல். அதைவிட, தன் வாய்க்குள் போகிற மாத்திரையைத் தன்னைக் கேட்காமலே மாற்றிய இந்த அன்பின் மேல் ஆத்திரம். அன்பாம், அன்பு!

பள்ளிக்கூடத்துக்கு அவளே போன் செய்தாள். கால் சுளுக்கு என்று சொல்லியிருக்கலாம். பதினான்கு முகங்களும் கண்முன் வர, உள்ளதைச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன மேலாளர், அதே மூச்சில் சாவியை யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னார்.

கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே வந்தார்.

"உனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னுதாம்மா செஞ்சேன். ரெண்டு மடங்குன்னு போட்டிருந்தான்."

"எத்தனை பேர் எத்தனை பேராச்சுன்னு பார்த்தீங்களா? என்னையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் போனை எடுத்து அந்தச் செய்தியைத் தேடப் போனார். அவள் விடவில்லை.

"சரி, நான் ஒரு கணக்கு கேக்கறேன். மூணு வருஷமா எனக்கு வந்த வலிப்பு பூஜ்யம். இன்னிக்கு ஒண்ணு. எத்தனை சதவீதம் கூடியிருக்கு?"

வேலைப் பழக்கத்தில் அவர் உதடு தானாக முணுமுணுத்தது. பூஜ்யத்தால் வகுக்கப் போய் அப்படியே நின்றுவிட்டார்.

"கணக்கு வராதுங்க," என்றாள் அவள். "ஆனா என் வேன் போச்சு."