நண்டு நிழற்குடை

மலேசியக் கடலோர ஊரான தெலுக் செரோஜாவின் ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. அதன் கூரையைத் துறைமுகத்துக்குப் போன கண்டெய்னர் லோரி ஒன்று பெயர்த்துவிட்டது. அதன்பின் நோயாளிகள் ஊசி குத்திய கையில் பிளாஸ்டரோடு வெயிலிலும் மழையிலும் நின்றார்கள். மணிக்கணக்கில் இயந்திரத்தில் ரத்தம் சுற்றி வந்தவர்களுக்குக் கால் தரையில் பாவாது. அவர்களில் ஒருவர், லோரி ஓட்டி ஓய்வுபெற்ற விஜயன், ஒரு மத்தியானம் அங்கேயே சரிந்தார். மையத்தின் தாதி புனிதாதான் ஓடிப்போய்த் தூக்கினாள். அன்றைக்கே நகராண்மைக் கழகத்துக்குப் போய், ஒரு கூரை போட்டுத் தரும்படி கேட்டாள்.

கவுன்சிலர் ஜெயராஜ் நேரில் வந்தார். அவர் காப்புறுதி முகவர். மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவரல்ல. கட்சிக் கூட்டங்களில் நாற்காலி அடுக்கியே நியமனம் வாங்கியவர். விஜயனின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டு, விஷயம் முடிந்த மாதிரி என்று சொல்லிப் போனார்.

கழகத்தின் மாதக் கூட்டத்தைப் பொதுமக்களும் பார்க்கலாம். புனிதா லீவு போட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். முதலில், உறுப்பினர்கள் சுற்றுலாவுக்குப் போகும்போது எல்லாரும் எந்த நிறத்தில் பாத்தேக் சட்டை போடுவது என்று வெகுநேரம் பேசினார்கள். பிறகுதான் கூரை வந்தது. நாலு தூணும் தகரமும் போதும், சீக்கிரம் முடித்துவிடலாம் என்றார் பொறியாளர். அது யாருக்கும் பிடிக்கவில்லை. ஊருக்கு ஓர் அடையாளம் வேண்டாமா என்றார் ஓர் உறுப்பினர்.

ஜெயராஜ் எழுந்தார். நம்ம ஊர் நண்டுக்குப் பேர்போனது, நிறுத்தத்தையே நண்டாகக் கட்டுவோம் என்றார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். கொடுக்கைக் காலோடு சேர்த்து எண்ணுவதா என்று ஒரு சண்டை. பச்சை நண்டின் நிறமா, வெந்த நண்டின் நிறமா என்று இன்னொன்று. படத்தில் எடுப்பாகத் தெரியும் என்று வெந்த நண்டு வென்றது. மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேட்கப் புனிதா கையைத் தூக்கினாள். பொதுமக்கள் பார்க்கலாம், பேசக் கூடாது என்றார் செயலாளர். அதற்குள் தேநீரும் கறிபஃப்பும் வந்துவிட்டன.

திறப்பு விழாவுக்கு, கூடாரம் வாடகைக்கு விடும் முகுந்தன் நாலு கூடாரம் போட்டிருந்தான். கழகத் தலைவர் ரிப்பனை வெட்டியதும் மழை பிடித்தது. நண்டின் முதுகு தாம்பாளம் அகலம்தான். கால்களுக்கு நடுவே தண்ணீர் கொட்டியது. பெரிய மனிதர்கள் கூடாரத்துக்குள் ஓடினார்கள். பஸ்ஸுக்காக வந்த நோயாளிகள் நண்டுக்கடியில் நனைந்தார்கள். புனிதா அவர்களைக் கூட்டிக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள். நாற்காலிகள் விருந்தினருக்கு என்று ஓர் அதிகாரி வழிமறித்தார்.

"இவங்களுக்காகத்தானே சார் திறக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, தலைவருக்குப் போட்டிருந்த மெத்தை நாற்காலியில் விஜயனை உட்காரவைத்தாள். தலைவர் நின்றுகொண்டே உரையாற்றினார். உரை சுருக்கமாக முடிந்தது. அன்றைக்கு ஊருக்குக் கிடைத்த நன்மை அது ஒன்றுதான்.

மழை விட்டதும் முகுந்தன் கூடாரங்களைக் கழற்றினான். புனிதா அவனருகே போய் நின்றாள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே அவன் சொன்னான்:

"ஒண்ண விட்டுட்டுப் போறேன் அக்கா. யாராச்சும் கேட்டா, மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்."

கூடாரத்தின் கயிறுகளை நண்டின் கால்களிலேயே இழுத்துக் கட்டினான்.

அந்த வாரமே கழகத்தின் அமலாக்க அதிகாரிகள் வேனில் வந்தார்கள். கூடாரத்துக்கு அனுமதி இல்லை, அதோடு நண்டை மறைக்கிறது என்றார்கள். பிரிக்கவேண்டும், எழுந்திருங்கள் என்று அடியில் உட்கார்ந்திருந்த நோயாளிகளிடம் சொன்னார்கள். விஜயன் அசையவில்லை.

"பஸ் வந்தா எழுந்திருப்பேன் லா, பாஸ்."

பஸ் வரவில்லை. அதிகாரிகள் வேனுக்குள் ஏர்கான் போட்டுக் காத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம் வந்ததும் போய்விட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த புனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, நோயாளியை எழுப்ப ஏர்கானுக்குள் உட்கார்ந்து காத்தவர்களை நினைத்து அருவருப்பும் வந்தது.

அடுத்த கூட்டத்தில் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கூடாரம் நண்டின் அழகைக் கெடுப்பதால், நண்டைப் பெயர்த்து ரவுண்டபவுட்டில் வைப்பது என்று தீர்மானமானது. கூடாரம் 'இடைக்காலக் கூரை' ஆனது. இரண்டும் தன்னுடைய யோசனை என்று ஜெயராஜ் பதிவுசெய்யச் சொன்னார்.

நண்டு போன மறுநாள், ஜெயராஜ் பேனரும் படக்காரருமாக நிறுத்தத்தில் வந்து இறங்கினார். புனிதாவைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார்.

"இங்க பஸ்ஸுக்குத்தான் நிப்பாங்க, கவுன்சிலர். நீங்க பஸ்லயா போறீங்க?"

அவர் பெரிதாகச் சிரித்து, ஓரமாக நின்ற தன் காரைக் காட்டினார். மையத்துக்குள்ளே ஓர் இயந்திரம் கீச்சிட்டது. புனிதா போய்விட்டாள்.

மக்கள் குரலுக்குச் செவிசாய்த்த கவுன்சிலர் என்று படம் ஃபேஸ்புக்கில் வந்தது. விஜயனே அதற்கு லைக் போட்டிருந்தார். அடுத்த முறை ஊசி ஏற்றும்போது, உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று புனிதா கேட்டாள்.

"படத்துல கூடாரம் நல்லா விழுந்திருக்கு மிஸ்ஸி" என்றார் அவர்.