வெள்ளரிக்காய் வெட்டிய கை

சுகாதார அலுவலகத்தில் சின்னவள் பார்க்கும் வேலையைப் பற்றிச் சாப்பிடும் நேரத்தில் பேச முடியாது. ஊரில் நாலு பேருக்கு ஒரே நாளில் வயிறு கலங்கினால் போதும், போனைக் கையில் எடுத்துவிடுவாள். முதல் வாந்தி எப்போது, எத்தனை தடவை, அதற்கு முந்தைய இரண்டு நாளில் என்ன சாப்பிட்டீர்கள், கழிவறையை யார் யார் பயன்படுத்துகிறீர்கள்? கூச்சநாச்சமெல்லாம் வேலையில் சேர்ந்த முதல் மாதமே போய்விட்டது. வீட்டில் அவள் சின்னவள். வெளியே வாந்தி மேடம். அந்தப் பெயரை வைத்தவர்கள் பஸ் டிப்போக்காரர்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஒரே வாரத்தில் முப்பத்தொரு பேரைக் கேள்வி கேட்டே படுத்தி எடுத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸை எடுக்க வந்த டிரைவர், வண்டியில் ஏறாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மதியத்துக்குள் பதினொரு பேர். புதன்கிழமை முப்பத்தொன்று. பாதி பஸ்கள் டிப்போவை விட்டு நகரவில்லை.

டிப்போ கேன்டீனை நடத்துவது சின்னவளின் கூடப்பிறந்த அக்கா. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று ஆறு வருஷம் கட்டிக் காத்த இடம். கேன்டீன்காரியால்தான் நோய் பரவியது என்று அறிக்கையில் ஒரே ஒரு வரி வந்தால் போதும், டிப்போ நிர்வாகம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

"கேன்டீன் பக்கம் நீங்க போக வேணாம்மா, சொந்த அக்கா விஷயம்" என்றார் அலுவலகத்தின் தலைவரான டாக்டர். "அவங்ககிட்ட நான் கேட்டுக்கறேன். நீங்க டிரைவர், கண்டக்டர் எல்லாரையும் பாருங்க."

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. விசாரணைப் படிவத்தை யாரும் தனக்குத்தானே நிரப்பக்கூடாது. ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் சொல்ல வேண்டும். காகிதத்திடம் கூசாமல் பொய் சொல்கிறவனுக்கும் எதிரில் ஆள் உட்கார்ந்து கேட்டால் நாக்கு குழறும் என்பது டாக்டரின் நம்பிக்கை. அவருக்குச் சின்னவளின் அக்காவைத் தெரியாது.

வரிசையில் முதல் ஆள், அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிய டிரைவர். ஓய்வு பெற இரண்டு மாதம்தான் பாக்கி. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழமை மதியம் என்ன சாப்பிட்டீங்க ஐயா?"

"உள்ள போனதக் கேக்கறீங்களா, வெளிய வந்ததக் கேக்கறீங்களா? ரெண்டும் ஒண்ணுதான்." சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "சாதம், பருப்பு, முட்டை. வெள்ளரிக்கா மட்டும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினேன். அதான் எனக்கு இந்த ராஜ மரியாதை."

அடுத்தவரும் வெள்ளரிக்காய் என்றார். அதற்கடுத்தவரும். சாதமும் பருப்பும் முட்டையும் கொதித்து இறங்கியவை, அந்தச் சூட்டில் கிருமி பிழைக்காது. பச்சையாகத் தட்டில் விழுந்தது வெள்ளரிக்காய் ஒன்றுதான். அதைத் தொடாத கண்டக்டர்கள் எல்லோரும் கல்லுக்குண்டு போல் நின்றார்கள்.

சின்னவள் குறிப்பேட்டை மூடினாள். அந்த வெள்ளரிக்காயை வெட்டியது அவள்தான்.

திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. அக்காவின் கேன்டீனில் உதவிக்கு இருந்த பெண் வரவில்லை. ஒரு எட்டுப் பார்க்கப் போனவள் பலகையை இழுத்துப் போட்டு நாற்பது வெள்ளரிக்காயை வெட்டித் தள்ளினாள். கையைக் கழுவிவிட்டுத்தான் வெட்டினாள். சனிக்கிழமை மாலை இரண்டு தடவை வாந்தி எடுத்தது உண்மைதான். வெறும் வயிற்றில் டீ குடித்ததால் வந்தது என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். ஊரையே குடைந்து குடைந்து கேட்கிறவள், தன்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

இப்போதும் கேட்கவில்லை. 'தண்ணீர்த் தொட்டியாகத்தான் இருக்கும்' என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தொட்டித் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னாள். இதே பூசி மெழுகலை வேறு யாராவது அவளிடம் செய்திருந்தால் பிலுபிலுவென்று பிடித்திருப்பாள்.

அடுத்த திங்கட்கிழமை ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. டிரைவர்களின் வயிற்றில் இருந்தது, வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ். அதுவும், டிப்போவுக்கு முந்திய வாரம் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பரவிய அதே வகை. அந்தக் காப்பகத்தையும் சின்னவள்தான் விசாரித்திருந்தாள்.

டாக்டர் வரைபடத்தில் இரண்டு இடங்களிலும் விரலை வைத்தார். "நடுவுல நாலு கிலோமீட்டர். காப்பகத்துப் புள்ளைங்க வீட்டு ஆளுங்க யாரும் டிப்போல இல்ல. வைரஸுக்குக் கால் கிடையாதும்மா. யாரோ கூட்டிட்டுப் போயிருக்காங்க." பிறகு தயங்கித் தயங்கி ஒரு படிவத்தை நீட்டினார். "எப்படி வந்துச்சோ தெரியல, ஆனா உங்க அக்காதான்னு தோணுது. அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

வெள்ளரிக்காய் வெட்டியவர்: நான். வேறு யாரும் சமையலறைக்குள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாந்தி இருந்தது.

சின்னவள் மூன்று வரியையும் இரண்டு தடவை படித்தாள். காப்பகத்தில் அழுத ஒரு குழந்தையைத் தூக்கியதும், அது தோளிலேயே கக்கியதும் நினைவுக்கு வந்தன. நாலு கிலோமீட்டரும் யார் நடந்தது என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வெற்றுப் படிவத்தையும் டிப்போவில் நோய் கண்டவர்களின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மூடிக் கிடந்த கேன்டீனில் அக்கா மேஜைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிளீச்சிங் வாடை கண்ணைக் கரித்தது.

"ஞாயித்துக்கிழமை உனக்கு எங்கக்கா வாந்தி வந்துச்சு? எங்கூடதான இருந்த?"

அக்கா நிமிரவில்லை. "டாக்டர் நம்பிட்டாருல்ல? நீ சும்மா இரு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நாலு பேர் ஓடினப்பவே தெரியும். வாந்தி நின்னாலும் ரெண்டு நாள் சமையக்கட்டுப் பக்கம் போகக்கூடாதுன்னு வீட்டுக்கு வர்றவன் போறவன்கிட்டல்லாம் ஓதறது நீதான? சனிக்கிழமை வயிறு சரியில்லன்னு போன்ல சொன்ன. திங்கக்கிழமை வந்து நின்ன. ஆள் இல்லாத அவசரத்துல நானும் வாய மூடிக்கிட்டேன்." துணியை வாளியில் விசிறி எறிந்தாள். "என்னை எழுதினா கேன்டீன்தான் போகும். வேற எங்கயாவது அடுப்பு மூட்டிக்குவேன். உன்னை எழுதினா, நாளைக்கு எவன் உன் போனை எடுப்பான்? நீயே பரப்பிட்டு நீயே கேக்க வந்தியான்னு சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டும்க்கா."

"வேலை போயிடும்டி!"

"போகலாம்." சின்னவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று எப்படிச் சொல்வது? "முப்பத்தொரு பேர்கிட்டயும் உண்மையச் சொல்லுங்கன்னு கெஞ்சினேன். மானத்த விட்டுச் சொன்னாங்க. அந்தப் பெரியவரு ஊசி குத்தின கையோட சொன்னாரு. நான் மட்டும் எப்படிக்கா?"

படிவத்தை மேஜைமேல் வைத்து, பேனாவை அக்காவின் பக்கம் தள்ளினாள். "என்னோடத நானே எழுதக்கூடாது. நீ கேளு."

"நான் மாட்டேன்."

"அப்ப டாக்டர் கேப்பாரு."

அக்கா பேனாவைத் தங்கை பக்கமே தள்ளினாள், மறுபடி இழுத்துக்கொண்டாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தங்கை போனில் பேசும் அதே குரலில், கொஞ்சம் கேலியாகவும் நிறைய அழுகையாகவும், ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"கடைசி வாந்தி எப்போங்க?"

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி."

"அடுத்தவங்க சாப்பாட்டத் தொட்டது?"

"திங்கக்கிழமை காலைல ஒன்பது. முப்பத்தொன்பது மணி நேரம். இன்னும் ஒன்பது மணி நேரம் தள்ளி இருந்திருக்கணும்."

"அப்ப சமையலறைல வேற யாரு இருந்தாங்க?"

"எங்க அக்கா."

பேனா நின்றது. "அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை உடம்பு எப்படி இருந்துச்சு?"

"கிண்ணுனு இருந்தாங்க. ரெண்டு ஆள் சாப்பாட்ட ஒரே ஆளா சாப்பிட்டாங்க."

"ரெண்டு ஆள் சாப்பாடா?" அக்காவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "என் மானத்த ஏண்டி வாங்கற?"

"உள்ளத எழுதுக்கா. நான் வயிறு சரியில்லன்னு சொன்னத அவங்க மறக்கல, அதையும் எழுது."

அக்கா அதையும் எழுதினாள். தனக்கும் அதில் பங்கு உண்டு என்பதை அவள் மறைக்கவில்லை. கடைசியில் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வரிசை எண் என்ன போடறது? முப்பத்திரண்டா?"

"இல்லக்கா. ஒண்ணாம் நம்பர்ல அந்தப் பெரியவர் இருக்காரு பாரு. அவருக்கு மேல கொஞ்சம் இடம் இருக்கும்."

தாளின் உச்சியில் ஒரு விரல்கடை இடம் இருந்தது. அக்கா அங்கே தங்கையின் பெயரை நுணுக்கி எழுதினாள்.